முன்பாரம், பின்பாரம்: ஒரு டிரெயிலர் தேடிய பயணம்

2025 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை: கொழும்பு

கூடாரம் அடித்துத் தங்கும் பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. பெலிஹுல்ஓயா, உடவளவை, நிலாவெளி என்று பாடசாலை விடுமுறை வந்தால் கிளம்பிவிடுவோம். இந்த வருடம் அம்மா வர மறுத்துவிட்டார். 72 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. தரையில் படுத்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. "நீங்கள் போய்விட்டு வாருங்கள் பிள்ளை, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அம்மாவை வெள்ளவத்தை மாடிவீட்டில் தனியே விட்டுவிட்டு நான் எந்த ஆற்றங்கரையில் நிம்மதியாகத் தேநீர் குடிப்பேன்? அன்றிரவே என் கணவரிடம் சொன்னேன்: கட்டிலோடு ஒரு டிரெயிலர் பார்ப்போம், கெப் (பிக்கப்) வண்டிக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு போகலாம்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவிடம் ஆலோசனை கேட்டேன். அவரிடம் 26 அடி டிரெயிலர் இருக்கிறது. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் மின்சார இணைப்போடு இடம் பதிவு செய்துவிட்டுக் குடும்பத்தோடு போய் நிற்பார். "வாங்குவதென்றால் பெரிதாக வாங்கு. பிறகு இடம் போதவில்லை என்று அழாதே" என்றார். அவர் சொன்னால் அதில் அனுபவம் இருக்கும் என்று நம்பித்தான் இன்று காலை புறப்பட்டோம். நான்கு பார்த்தோம்.

ஜா-எலயில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் நின்றது அமெரிக்காவில் செய்தது. உள்ளே சோபா, இரட்டை மெத்தை, குளியலறை. பெரியவளும் சின்னவனும் எந்தக் கட்டில் யாருக்கு என்று அப்போதே பங்கு பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வலது பக்கத்தில் இருந்தது. அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுவதால் அவர்களுக்கு அதுதான் நடைபாதைப் பக்கம். இங்கே அதே கதவைத் திறந்தால் கால் படுவது நடுவீதியில். காலிக்குப் போகும் வீதி ஓரத்தில் நிறுத்தி அம்மா அந்தப் படியில் இறங்குவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். போதும் என்று வெளியே வந்துவிட்டேன். உள்ளிருக்கும் மின்சாதனங்களும் 120 வோல்ற்றுக்குச் செய்தவை. நம் வீட்டு மின்சாரம் 230.

நுகேகொடையில் பார்த்தது துணிக்கூரை மடிந்து விரியும் வகை. இலேசானது, மலிவானது. ஆனால் கட்டில் இடுப்பளவு உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா ஏற மாட்டார். மழையில் நனைந்த துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து காய வைக்க மாடிவீட்டில் இடமும் இல்லை.

வத்தளையில் இருந்தது பிரித்தானியக் கரவன் (இப்படிப்பட்ட டிரெயிலருக்கு அவர்கள் சொல்லும் பெயர்), 14 அடி. வாசல் இடப்பக்கம். என் கணவர் ஜன்னல்களுக்குக் கீழே சுவரைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வந்தார். பழைய கரவன்களுக்கு உள்ளே மரச்சட்டம்தான். மழைநீர் இறங்கியிருந்தால் அந்த இடம் பாண் போல அமுங்கும். இது எங்கும் அமுங்கவில்லை. அடுப்புக்கு அருகே விரிப்பைத் தூக்கியபோது தரையில் இருந்த காற்றுத் துளைகளை முந்திய சொந்தக்காரர் யாரோ மூடி ஒட்டியிருந்தது தெரிந்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். பூச்சி வரும் என்று நினைத்து மூடியிருப்பார்கள். அங்கேயே நின்று கிழித்துவிடச் சொன்னேன். டயர் பற்றி அண்ணா சொன்னது நல்லவேளையாக நினைவிருந்தது: பக்கவாட்டில் இருக்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார். 3118 என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். பூ தேயவில்லை. ஆனாலும் ஏழு வருடம் வெயிலில் நின்ற ரப்பரை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற முடியாது. சொந்தக்காரர் பெருந்தன்மையானவர், இரண்டையும் மாற்றித் தருவதாகச் சொன்னார். விலை 38 இலட்சம். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க நாளொன்றுக்கு 15,000 ரூபாய் வாடகை, வாங்கினால் அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

நான்காவது, கடவத்தையில் ஒரு வெல்டிங் பட்டறை. பாஸ் (பட்டறை மேஸ்திரி) தானே செய்த 10 அடிப் பெட்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு வாங்கு, அவ்வளவுதான். சமையல் மேடை வெளியே, பின்கதவைக் கூரை போல மேலே தூக்கினால் அதன் அடியில். 16 இலட்சம் என்றார். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. பாஸ் வற்புறுத்தவில்லை. "பெரியதை முதலில் இழுத்துப் பாருங்கள் அம்மா. பிறகு வாருங்கள், பேசுவோம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு உட்கார ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்.

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை: வத்தளை – சிலாபம் – கற்பிட்டி

வத்தளைக் கரவனை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். எங்கள் ஒழுங்கைக்குள் அது திரும்பாது என்பதால் சாமான்களை எல்லாம் கெப்பில் வத்தளைக்குக் கொண்டுபோய் அங்கே ஏற்றினோம். அரிசி, மா, தேங்காய், தண்ணீர்க் கலன்கள், உரல், அம்மாவின் மடக்குக் கட்டில் ஒன்று. வீட்டில் இருக்கும் 12.5 கிலோ சிலிண்டர் அதன் எரிவாயுப் பெட்டிக்குள் நுழையவில்லை. வழியில் 5 கிலோ சிலிண்டர் ஒன்று எடுக்க வேண்டியதாயிற்று. கரவனின் பின்பக்க அலுமாரி பெரியதாக இருந்ததால் கனமானவை எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினேன். அடுக்கியது நானேதான். ஒழுங்காகப் பொருந்தியபோது மனதுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

நீர்கொழும்பு வரை ஊர்ந்துதான் போனோம். மாதம்பையில் வெள்ளைக் குதிரைச் சிலை நிற்கும் கோவிலின் முன்னால், எல்லாச் சாரதிகளையும் போல இவரும் நிறுத்தி உண்டியலில் காசு போட்டார். முன்னேஸ்வரத்தில் அம்மா கும்பிட்டு முடியும்வரை நிழலில் நின்றோம். வாசலில் கச்சான் விற்ற பெண் கரவனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ளே அடுப்பும் இருக்கிறதா அக்கா?" என்று கேட்டார். காட்டினேன். இரண்டு சுருள் கச்சான் வாங்கினேன், மூன்றாவதைச் சின்னவன் கையில் சும்மா வைத்துவிட்டார். சிலாபத்துக்கு அப்பால் ஒரு கடையில் பகல் சாப்பாடு. குத்தரிசிச் சோறு, பாரை மீன் குழம்பு, கீரை, அப்பளம். ஐந்து பேருக்கு 3,400 ரூபாய். அந்தக் குழம்பின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே ஒடுங்கிய நிலம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் காற்று இந்த நிலத்தை ஓயாமல் அடிக்கும். பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிறவர்கள் உலகெங்கிலும் இருந்து இங்கே வருவது இந்தக் காற்றுக்காகத்தான். எனக்கு அது தெரிந்திருந்தது. ஏழடி உயரச் சுவர் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் காற்று என்ன செய்யும் என்பது தெரிந்திருக்கவில்லை.

நுரைச்சோலைக்கு முன்னால் அது நடந்தது. ஒரு பஸ் எங்களை முந்தியது. அதன் காற்று கரவனின் வாலைத் தள்ள, கடல்காற்று மறுபக்கம் தள்ள, பின்னால் பாம்பு நெளிவது போல ஓர் ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரியது. கெப்பின் பின்பக்கத்தையும் அது இடமும் வலமுமாக இழுத்தது. பெரியவள் அலறிவிட்டாள். இவர் பிரேக்கைத் தொடவில்லை. காலை முடுக்கியிலிருந்து மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடியே இருந்தார். பத்து விநாடி இருக்குமா? வண்டி வேகம் குறைந்து, ஆட்டம் அடங்கி, ஓரத்து மணலில் நின்றது. யாரும் பேசவில்லை. என் கை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் சிவந்துபோயிருந்தது.

அம்மாதான் முதலில் பேசினார். "பின்பாரம் ஏற்றியிருக்கிறீர்கள்."

அம்மாவின் தகப்பனாரிடம் கூடார மாட்டுவண்டி இருந்தது. செல்வச்சந்நிதித் திருவிழாவுக்கு அரிசி, விறகு, பானை, பிள்ளைகள் எல்லாம் அந்த வண்டியில்தான். ஏற்றி முடிந்ததும் தாத்தா நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாராம். பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும், வண்டி அலையும். முன்பாரம் கூடிப்போனால் மாடு கழுத்தைத் தூக்க முடியாமல் படுத்துவிடும். "கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். மாடு தலையை ஆட்டினால் நுகம் கூட வர வேண்டும், குதிக்கக்கூடாது" என்று சொல்லி, அம்மா தன் இரண்டு கைகளாலும் ஒரு நுகத்தைத் தூக்கிக் காட்டினார். காற்று இரைச்சலில் அரைவாசிதான் கேட்டது. ஆனால் முழுவதும் விளங்கியது.

மணிக்கு 30 கிலோமீற்றரில் ஊர்ந்து கற்பிட்டி வந்து சேர்ந்தோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை: கற்பிட்டி

நிற்க இடம் தந்தவர் ஒரு தென்னந்தோப்புக்காரர், ஊரில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே. ஓர் இரவுக்கு 2,500 ரூபாய், கிணற்றுத் தண்ணீரும் கழிவறையும் சேர்த்து. நேற்று நடந்ததைக் கேட்டதும் கொப்பரை நிறுக்கும் தராசை இரண்டு பேரோடு தூக்கிவந்துவிட்டார்.

கரவனின் முன்மூக்கு கெப்பின் கொளுவியில் எவ்வளவு பாரம் தருகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அமெரிக்க டிரெயிலர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பியக் கரவன்களுக்கு 5 முதல் 7 வீதம். எங்களுடையதன் உச்ச எடை தகட்டில் 1,300 கிலோ. அப்படியென்றால் மூக்கில் 65 முதல் 91 கிலோ வரை இருக்க வேண்டும். தராசின் மேல் மரக்கட்டை வைத்து மூக்கை இறக்கினோம். 38 கிலோ! பின் அலுமாரியில் நான் அவ்வளவு அழகாக அடுக்கிய உரலும் தண்ணீர்க் கலன்களும் வாலைக் கீழே அழுத்தி மூக்கைத் தூக்கியிருந்தன.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். கனமானவை தரையோடு, அச்சுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்தள்ளி. துணியும் பிளாஸ்டிக் பாத்திரங்களும் பின்னால். மறுபடி நிறுத்தபோது 74. அம்மா தராசின் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, "இப்போது மாடு இழுக்கும்" என்றார். நானாவின் கண்கள் கலங்கிவிட்டன. அவருடைய வாப்பாவும் வண்டி ஓட்டியவராம்.

மத்தியானம் மீன் வாங்கினோம், பாரை கிலோ 1,800. பாதியைக் குழம்பு வைத்தேன், பாதியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். மாலையில் திறந்தால் மீன் இளஞ்சூடாக இருந்தது. மணம் சரியில்லை, புதைத்துவிட்டோம். இந்தக் கரவனில் இருப்பது எரிவாயுச் சுடரில் இயங்கும் குளிர்ப்பெட்டி. அதற்கு மோட்டார் கிடையாது. உள்ளே இருக்கும் திரவம் தன் பாரத்தாலேயே குழாய்களில் வழிந்து ஓடவேண்டும். அதனால் வண்டி மட்டமாக நிற்காவிட்டால் குளிராது. நாங்கள் மணற்சரிவில் நிறுத்தியிருந்தோம். மட்டப்படுத்தியபின்னும் இந்த வெயிலில் அது தடுமாறியது. குளிர் நாடுகளுக்குச் செய்த பெட்டி அது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊருக்கு நல்ல ஐஸ் பெட்டியும் கடற்கரை ஐஸ் கடையும் போதும் என்று இன்று எழுதி வைத்தேன்.

இன்னொன்று. உள்ளே மீன் குழம்பு வைத்தால் மெத்தை, திரைச்சீலை, தலையணை எல்லாம் மூன்று நாள் மணக்கும். அம்மா சொதியை வெளியே மூன்று கல் வைத்துத்தான் காய்ச்சினார். உள்ளே இருந்த அழகான சமையலறையில் நாங்கள் செய்தது தேநீர் மட்டும்.

பின்னேரம் நிழலுக்காகப் பக்கத் துணிக்கூரையை விரித்தோம். நானா வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டு ஓடி வந்தார், அதற்குள் காற்று அதைத் தூக்கி ஒரு கம்பத்தை முறித்துவிட்டது. வாடகைக்குக் கட்டிய முற்பணத்தில் 12,000 ரூபாய் போய்விட்டது. இரவு அவருடைய மனைவி வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் மணக்க அப்படியொரு வட்டிலப்பம் நான் கொழும்பில் சாப்பிட்டதில்லை. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள், தென்னோலைகளுக்கு இடையில் நிலா. அம்மா தன் கட்டிலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகத்தானே புறப்பட்டோம்.

ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை: புத்தளம் – குருநாகல் – கலஹா

பாலாவியில் உப்பளங்கள். வெள்ளைக் குவியல்களைக் கண்டதும் மே மாதம் கொழும்பில் ஒரு பக்கெட் உப்புக்குக் கடை கடையாக அலைந்தது நினைவு வந்தது. லொறிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றில் 500 ரூபாய் கொடுத்துக் கரவனைக் கழற்றி ஏற்றினோம். 1,365 கிலோ. தகட்டு எல்லையைவிட 65 கிலோ அதிகம். வெறும் வண்டி 1,040 என்பதால் எங்களுக்கு 260 கிலோ மிச்சம் இருக்கிறது என்று நினைத்தோம். சிலிண்டர், பற்றரி, மெத்தைகள், நிரம்பிய தண்ணீர்த் தாங்கி எல்லாம் அந்த மிச்சத்தைத்தான் தின்னும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. தாங்கியில் இருந்த 80 லீற்றரையும் அங்கே நின்ற வேப்பமரத்துக்குத் திறந்துவிட்டோம். எடைமேடைப் பையன் ரசீதில் இரண்டு எடைகளையும் எழுதித் தந்தான், இரண்டாவது தடவைக்குக் காசு வாங்கவில்லை.

குருநாகலில் இடியப்பமும் பருப்பும். கலகெதர வளைவுகளில் கெப் முனகிக்கொண்டு ஏறியது. பேராதனையில் இருந்து கலஹா வீதி. இவரோடு வேலை செய்பவரின் வீடு ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில் இருக்கிறது. முற்றம் பெரியது, தாராளமாக நிறுத்தலாம் என்று சொல்லியிருந்தார். முற்றம் பெரியதுதான். அதற்குப் போகும் பாதையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.

மாலை ஐந்து மணி, தூறல். பாதை ஒரு லொறி அகலம். மூன்றாவது கொண்டை வளைவில் கரவனின் பின்மூலை மண்திட்டில் முட்டி நின்றுவிட்டது. முன்னே போக முடியாது. பின்னே எடுக்கலாம் என்றால், கெப் தள்ளும்போது மூக்கு உள்ளே அமுங்கி, கரவனின் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டது. வேகம் குறையும்போது டிரெயிலர் வந்து முட்டும் விசையால் பிடிக்கும் வகைப் பிரேக் அது. பழைய வண்டிகளில் பின்னே எடுக்கும் முன் ஒரு நெம்பியைக் கையால் மாட்டவேண்டும். அது துருப்பிடித்து அசையவில்லை. இடப்பக்கம் பள்ளம். அம்மாவையும் பிள்ளைகளையும் இறக்கி மேட்டில் நிறுத்தினேன். என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டு நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். இரண்டு இளைஞர்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஓடிப் போய்க் கயிறும் அலவாங்கும் கொண்டுவந்தார்கள். ஒருவர் நெம்பியில் எண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கினார். பிறகு கரவனைக் கெப்பில் இருந்து கழற்றி, பதினொரு பேர் சேர்ந்து, "ஏலேலோ" என்று மூச்சுப் பிடித்து, அதை அங்குலம் அங்குலமாகத் திருப்பினார்கள். பெண்கள் இருவர் அம்மாவைத் தங்கள் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப் போய்ப் போர்வை கொடுத்திருந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இருட்டிவிட்டது. கீழே மாரியம்மன் கோவில் வெளியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள்.

பணம் நீட்டினேன். பெரியவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "பிள்ளைகளோடு வந்திருக்கிறீர்கள் அம்மா, அதற்கு யார் காசு வாங்குவார்கள்?" என்றார். 2025இல் ஒரு நாள் முழுவதும் மலையில் நின்றால் அவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. இந்தக் கரவனின் ஒரு நாள் வாடகை அதைப்போல் ஏறக்குறைய பதினொரு மடங்கு. பதினொரு பேர் தள்ளினார்கள், பதினொரு மடங்கு. அந்தக் கணக்கு இரவெல்லாம் என்னை உறங்க விடவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை: கலஹா

இரவு மழை. வத்தளையில் அமுங்காத அந்தச் சுவருக்கு மேலே, ஜன்னல் மூலையில் இருந்து நீர் கசிந்து அம்மாவின் போர்வை நனைந்திருந்தது. வீதியில் குலுங்கும்போது விளிம்புப் பசை விட்டிருக்கவேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியைப் பார்த்து வாங்கக்கூடாது, மழையில் ஓர் இரவு படுத்துப் பார்க்கவேண்டும்.

விடியற்காலையில் அம்மா கழிவறைக்குப் போக இறங்கியபோது, தரையில் தனியாக வைத்திருந்த பிளாஸ்டிக் படி ஈரத்தில் வழுக்கியது. கதவைப் பிடித்துத் தப்பினார். கரவனின் தரை நிலத்தில் இருந்து 55 சென்ரிமீற்றர் உயரம். பிடிக்கக் கைப்பிடி எதுவும் இல்லை. அம்மாவுக்காகத் தேடிய வண்டியில் அம்மா இறங்கும் இடத்தை நான் அளந்தே பார்க்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு, தேநீர் வை என்றார்.

காலைச் சாப்பாடு நேற்று உதவியவர்களில் ஒருவரின் வீட்டில். கோதுமை மா ரொட்டி, கட்டைச் சம்பல், சாயம் கனத்த வெறுந்தேநீர். பிறகு கரவனை விட்டுவிட்டுக் கெப்பில் தெல்தோட்டை வழியாக லூல்கந்துர போனோம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் முதன்முதலாக வணிகத்துக்குத் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. மூடுபனி விலகி விலகி மூடியது. சின்னவன் ஒரு கேள்வி கேட்டான்: "அந்த 19 ஏக்கரிலும் கன்று நட்டவர்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" தேடினோம். காணவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை: கடுகண்ணாவை – கொழும்பு

கடுகண்ணாவை இறக்கத்தை நினைத்து இவர் இரவே சரியாகச் சாப்பிடவில்லை. கண்டி வீதியை அமைத்த டோசனின் நினைவுக் கோபுரம் கடந்ததும் இரண்டாவது கியர். பின்னால் ஹோர்ன் அடித்தவர்களுக்கு இடம் கிடைத்த இடத்தில் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டோம். அப்படியிருந்தும் மாவனல்லையில் நிறுத்தியபோது கரவனின் சக்கரங்களில் இருந்து கருகிய மணம் வந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டோம். தேநீர்க் கடைக்காரர் தண்ணீர் ஊற்றப் போன இவரைத் தடுத்து, சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் தம்பி, காற்றிலேயே ஆறட்டும் என்று சொன்னார். வரக்காப்பொலையில் குரக்கன் அலப்பா, கஜுகமவில் 500 ரூபாய்க்கு ஒரு சிறு பொதி முந்திரி. மற்றபடி அந்த வீதி எதுவும் எனக்கு நினைவில்லை.

வத்தளையில் கரவனை ஒப்படைத்தோம். கசிவையும் நெம்பியையும் பற்றிச் சொன்னபோது சொந்தக்காரர் முகம் கொடுத்துக் கேட்டார், முறிந்த கம்பத்துக்குப் பிடித்த பணத்தில் பாதியைத் திருப்பியும் தந்தார்.

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை: கடவத்தை

அண்ணாவோடு ஒரு மணி நேரம் பேசினேன். அவர் சொன்னதில் தவறில்லை. அவருடைய நாட்டில் அகன்ற வீதி, மட்டமாகச் செப்பனிட்ட தங்குமிடம், மின்சாரச் செருகி, வீட்டு முன்னால் நிறுத்த இடம் எல்லாம் இருக்கின்றன. எங்களுக்கு இருப்பது மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கார் நிற்கும் இடம், அதன் கூரை 2.1 மீற்றர். பிரித்தானியக் கரவன் அதற்குள் நுழையவே நுழையாது, மாதாமாதம் வேறெங்காவது வாடகை கட்டவேண்டும். பாஸின் பெட்டி கூரை வரை 1.9 மீற்றர்.

ஆனால் என் மனதைத் திருப்பியது அந்த அளவு இல்லை. ஐந்து பேருக்கும் கட்டில் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். கட்டில் தேவைப்பட்டது அம்மாவுக்கு மட்டும். பெரியவள் அம்மாவோடு படுப்பாள், சின்னவன் வாங்கில் படுப்பான், எனக்கும் இவருக்கும் பழைய கூடாரம் இருக்கிறது. சமையல் எப்படியும் வெளியேதான். சாமான்களோடு சேர்த்து 620 கிலோ. நாலு பேர் நின்றால் எந்த வளைவிலும் கையால் திருப்பிவிடலாம், இருட்டுகிற நேரத்தில் உழைத்துக் களைத்த பதினொரு பேரை நிறுத்தவேண்டியதில்லை.

பாஸிடம் நான்கு மாற்றங்கள் கேட்டேன். மேலதிகச் சக்கரத்தைப் பின்னால் இருந்து எடுத்து முன்சட்டத்தில் பொருத்தவேண்டும், முன்பாரத்துக்காக. 750 கிலோவுக்குக் கீழ் என்றால் ஐரோப்பாவில் பிரேக் இல்லாமலே ஓட விடுகிறார்கள், கடுகண்ணாவை இறங்கிய எனக்கு அது போதாது, பிரேக் வேண்டும். குளிர்ப்பெட்டிக்கு விட்ட இடத்தில் ஐஸ் பெட்டி. நான்காவது, படி.

எல்லாம் சேர்த்து 17 இலட்சத்து 40 ஆயிரம். முற்பணம் கொடுத்தோம். பாஸ் அம்மாவை வாசலில் நிற்கச் சொன்னார். இரும்பில் செய்த படிகளை மாற்றி மாற்றி வைத்து, எது சுகம் என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினார், மூன்றாவது உயரத்தில் தலையசைத்தார். 16 சென்ரிமீற்றர். பிறகு கையை நீட்டிப் பிடிப்பது போலப் பாவனை செய்யச் சொன்னார். அம்மாவின் கை நின்ற இடத்தில், கதவின் இடப்பக்கத் தகட்டில், வெண்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.